நோயுற்ற பிள்ளையும் தோள் கொடுத்த பங்கும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப மாலையில், கணவன் மனைவி இருவரும் சேர்ந்து எழுதி வாசித்த உரை)

 

இந்தக் குடும்ப மாலையில் நாங்கள் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டபோது தயங்கினோம். நாங்கள் மேடையேறிப் பழகியவர்கள் அல்லர். "உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள், அது போதும். நாளை இன்னொரு வீட்டுக்கு உதவும்" என்று அவர்கள் சொன்ன பிறகே ஒப்புக்கொண்டோம். கோவில் எழுந்த வரலாற்றையும், பள்ளி வளர்ந்த கதையையும் எழுத நம்மிடையே தகுதியுள்ள பெரியோர் உண்டு. நாங்கள் பேச வந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். ஒரு வீட்டில் சின்னப் பிள்ளைக்குப் பெரிய நோய் வந்தால் அந்த வீடு என்ன பாடுபடுகிறது? அப்போது பங்கு மக்கள் எந்த நேரத்தில், எந்த விதத்தில் துணை நிற்க வேண்டும்? இதை மட்டும் சொல்லி அமர்கிறோம்.

2016ஆம் ஆண்டு, தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா முடிந்த வாரம். ஏழு வயதான எங்கள் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. மருந்து கொடுத்தால் இறங்கும், மறுநாள் மறுபடி ஏறும். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஓடியாடித் திரிந்த பிள்ளை, "கால் வலிக்கிறது, தூக்குங்கள்" என்று கேட்கத் தொடங்கினாள். முழங்காலுக்குக் கீழே அடிபடாமலே நீலம் நீலமாகத் தழும்புகள் தெரிந்தன. எங்கள் ஊர் மருத்துவர் அந்தத் தழும்புகளைப் பார்த்த உடனே இரத்தம் சோதிக்கச் சொன்னார். அன்று மாலையே அறிக்கை வந்தது. இரத்தத் தட்டணுக்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் 18,000 மட்டுமே இருந்தன. "இன்றைக்கே புறப்படுங்கள்" என்று கடிதம் கொடுத்துச் சென்னையிலுள்ள ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தார். மாற்றுத் துணிகூடச் சரியாக எடுத்து வைக்காமல் அன்றிரவு முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறினோம். பத்து வயது மகனை ஆச்சி வீட்டில் விட்டுவிட்டுப் போனோம்.

சென்னையில் எலும்பு மஜ்ஜையை எடுத்துச் சோதித்து நோயின் பெயரைச் சொன்னார்கள். அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா, அதாவது ஒருவகை இரத்தப் புற்றுநோய். அந்தப் பெயரைக் கேட்டதும் எங்களில் ஒருவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். மற்றவருக்குப் பேச்சு வரவில்லை. மருத்துவர் அம்மா பொறுமையாக எங்கள் அருகில் வந்து அமர்ந்து சொன்னார்: "குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம். குணமாகக்கூடியவற்றில் இதுவும் ஒன்று. ஆனால் சிகிச்சை இரண்டரை ஆண்டு. நடுவில் நிறுத்தினால் எல்லாம் வீண். இது ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல. நீங்கள் கொடுத்த சாப்பாட்டினாலோ, கொடுக்காத சாப்பாட்டினாலோ வந்ததும் அல்ல."

அந்தக் கடைசி வாக்கியம் எங்களுக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பது பின்னர்தான் புரிந்தது. ஏனென்றால், பிள்ளை படுத்தால் சுற்றியிருப்போர் முதலில் கேட்பது காரணத்தைத்தான். "யார் கண் பட்டதோ?" என்றார் ஒருவர். "முன்னோர் செய்த பாவமோ?" என்றார் இன்னொருவர். பிறவியிலேயே பார்வை இல்லாத மனிதனைப் பார்த்துச் சீடர்கள் இதே கேள்வியைக் கேட்டார்கள். யாருடைய பாவமும் அதற்குக் காரணமல்ல என்றுதான் ஆண்டவர் பதில் சொன்னார். ஞாயிறுதோறும் நற்செய்தி கேட்கும் நாம், நோயாளியின் கட்டிலருகே அதே கேள்வியைத் திரும்பக் கேட்கலாமா? கேட்டவர்கள்மீது எங்களுக்கு வருத்தம் இல்லை. ஆனால் வேதனையில் இருக்கும் தாயிடம் காரணம் தேடுவது, புண்ணில் கோல் கொண்டு குத்துவதற்கு ஒப்பானது என்பதை மட்டும் அன்புடன் நினைவூட்டுகிறோம்.

முதல் தடவை 41 நாள் மருத்துவமனையில் இருந்தோம். எங்களில் ஒருவர் இரவும் பகலும் பிள்ளையோடு வார்டில் இருந்தோம். மற்றவர் மருந்துக்கும் இரத்தத்துக்கும் கையெழுத்துக்கும் அலைந்தோம். இரவில் வராந்தாவில் படுத்தோம். கீமோ என்று சொல்லப்படும் மருந்துகள் நரம்பு வழியாக ஏறின. முதுகுத்தண்டிலும் ஊசி போட்டு மருந்து செலுத்தினார்கள். ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியதும் பிள்ளையின் முகம் உப்பியது, பசி பேய்ப்பசியாக மாறியது. நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுந்து "இட்லி வேண்டும்" என்று அழுவாள். தொட்டதற்கெல்லாம் கோபம் வரும். "இது பிள்ளையின் குணம் அல்ல, மருந்தின் வேலை" என்று செவிலியர் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றாம் வாரம் தலைமுடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது. மகளைவிட நாங்கள்தான் அதிகம் கலங்கினோம். அவளோ, "மழை பெய்தால் தலை துவட்ட வேண்டாம்" என்று சொன்னாள்.

அங்கே இரண்டு காரியங்களை நாங்கள் வழக்கமாக்கிக்கொண்டோம். இவை மற்றப் பெற்றோருக்கும் பயன்படும். முதலாவது, ஒரு நோட்டுப் புத்தகம். அன்றன்று என்ன மருந்து, எத்தனை மணிக்கு, காய்ச்சல் எவ்வளவு, வெள்ளணு எவ்வளவு, தட்டணு எவ்வளவு, மருத்துவரிடம் கேட்க வேண்டியது என்ன என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தோம். கலங்கிய மனத்தில் எதுவும் நிற்காது, காகிதத்தில் எழுதியது நிற்கும். ஆளுக்கு ஆள் மாறி வார்டில் இருக்கும்போது அந்த நோட்டுத்தான் எங்களுக்குள் பேச்சு. இரண்டாவது, பிள்ளையிடம் பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். "ஊசி வலிக்காது" என்று சொல்லவில்லை. "வலிக்கும், பத்து எண்ணுவதற்குள் முடியும், நாங்கள் கையைப் பிடித்துக்கொள்வோம்" என்றோம். அதனால் நாங்கள் சொன்ன மற்றவற்றையும் அவள் நம்பினாள்.

ஊரில் இருந்த மகனைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோயுற்ற பிள்ளையின்மீதே எல்லாருடைய கண்ணும் இருக்கும். வீட்டில் இருக்கும் மற்றப் பிள்ளை தனியே எதை எதையோ நினைத்துக் கலங்கும். தினமும் மாலை ஏழு மணிக்கு அவனோடு தொலைபேசியில் பேசுவோம். ஒருநாள் வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "திருவிழா இராட்டினத்தில் நான்தான் அவளைப் பிடித்துத் தள்ளினேன். அதனாலா அப்பா?" என்று கேட்டான். பத்து வயதுப் பிள்ளை மூன்று வாரமாக அந்தப் பாரத்தைத் தனியாகச் சுமந்திருக்கிறான்! "தள்ளியதால் இந்த நோய் வராது. டாக்டர் அம்மாவே சொன்னார்" என்று பலமுறை எடுத்துச் சொன்னோம். பின்பு மருத்துவரிடம் கேட்டபோது, கூடப்பிறந்த பிள்ளைகள் இப்படித் தங்கள்மேல் பழி போட்டுக்கொள்வது உண்டு என்றார். ஆகவே, ஒரு வீட்டில் ஒரு பிள்ளை நோயுற்றால், நலமாயிருக்கும் பிள்ளையையும் ஒரு பார்வை பாருங்கள். அவனைப் பள்ளிக்குக் கூட்டிச் சென்ற பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், தன் பிள்ளைகளோடு சேர்த்து அவனுக்கும் சோறு போட்ட மதினிக்கும் நாங்கள் பட்ட கடன் தீராது.

அன்பானவர்களே, எங்கள் மகளுக்கு ஏறிய மருந்துகளில் இரண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல விரும்புகிறோம். ஒன்றின் பெயர் வின்கிரிஸ்டின். அது நம் கல்லறைத் தோட்டத்தில் தானாகப் பூத்துக் கிடக்கிறதே, நித்தியகல்யாணி, அந்தச் செடியிலிருந்து கிடைத்த மருந்து. 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு அனுமதிக்கப்பட்டது. நம் தென்மாவட்டங்களில் இந்தச் செடியை வயலிலேயே பயிரிட்டு ஏற்றுமதி செய்கிறார்கள். கல்லறையில் பூக்கும் பூவிலிருந்து பிள்ளைக்கு உயிர் மருந்து என்பதை எண்ணும்போது மனம் நெகிழ்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை. இதைக் கேள்விப்பட்ட ஒரு நல்ல மனிதர், இலையை அரைத்துச் சாறு கொடுங்கள் என்று கட்டாகப் பறித்தே கொண்டுவந்துவிட்டார். அப்படிச் செய்யக் கூடாது. இலையில் அந்த மருந்துப் பொருள் மிக மிகக் கொஞ்சம். அதோடு வேறு நச்சுப் பொருள்களும் உண்டு. பிரித்தெடுத்துச் சுத்தம் செய்து, பிள்ளையின் உடல் அளவுக்குக் கணக்கிட்டு, நரம்பில் மட்டுமே ஏற்ற வேண்டிய மருந்து அது.

இன்னொன்று மெத்தோட்ரெக்சேட் என்னும் மஞ்சள் மாத்திரை, வாரம் ஒருமுறை. இதற்கும் சென்னைக்கும் ஓர் உறவு உண்டு. பீமாவரத்தில் 1895ஆம் ஆண்டு பிறந்து, உடன்பிறந்தோரை நோய்க்குப் பறிகொடுத்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1923ஆம் ஆண்டு அமெரிக்கா சென்றவர் எல்லாப்ரகத சுப்பாராவ். லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அவரும் அவர் குழுவினரும் உருவாக்கிய அமினோப்டெரின் என்ற மருந்தை, பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் 1947ஆம் ஆண்டின் இறுதியில் இந்த நோயுள்ள பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதுவரை சில மாதங்களில் இறந்துகொண்டிருந்த பிள்ளைகளில் 16 பேருக்குக் கொடுத்ததில் 10 பேர் தற்காலிகமாகத் தேறினார்கள். இந்த நோயை மருந்தால் பின்வாங்கச் செய்ய முடியும் என்று உலகம் கண்டது அப்போதுதான். 1948ஆம் ஆண்டிலேயே சுப்பாராவ் மறைந்தார். அந்த மருந்தின் தம்பிதான் எங்கள் மகள் விழுங்கிய மஞ்சள் மாத்திரை. நம் நாட்டிலும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954ஆம் ஆண்டு 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கியது. டாக்டர் சாந்தா அவர்கள் 2021ஆம் ஆண்டு மறையும் வரை அங்கேயே வாழ்ந்து உழைத்தார். முகம் தெரியாத எத்தனையோ பேருடைய உழைப்பு, ஒரு மாத்திரையாக நம் பிள்ளையின் நாவில் கரைகிறது.

மருந்தை நிறுத்திவிட்டு விசுவாசத்தோடு செபித்தால் போதும் என்று எங்களுக்கு அறிவுரை சொன்னவர்களும் உண்டு. அப்போதைய பங்குத் தந்தையிடம் கேட்டோம். சீராக்கின் ஞான நூலில் 38ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினார். மருத்துவரை மதிக்கவும், மருந்தை ஒதுக்காதிருக்கவும் அங்கே போதிக்கப்பட்டிருக்கிறது. "செபியுங்கள், மாத்திரையையும் நேரத்துக்குக் கொடுங்கள். இரண்டும் ஒரே கையிலிருந்து வருகின்றன" என்றார். அவரே சென்னை வந்து மகளுக்கு நோயில் பூசுதல் கொடுத்தார். எண்ணெய்ச் சிமிழைப் பார்த்ததும் உடனிருந்த ஆச்சி ஓவென்று அழுதுவிட்டார். அவர் சிறுவயதில் கண்டது அவஸ்தை பூசுதல். சாகும் நேரத்தில்தான் குரு வருவார் என்பது அவர் நினைவு. 1972ஆம் ஆண்டிலேயே திருச்சபை அந்தச் சடங்கைத் திருத்தியமைத்து, அது சாவுப் படுக்கைக்கு மட்டும் உரியதல்ல, பெரும் நோயில் இருப்போருக்கு ஆறுதலும் பலமும் தருவதற்கே என்று தெளிவாக்கிவிட்டது. அச்சத்தினால் இதைக் கடைசி மூச்சு வரை தள்ளிப்போடும் வீடுகள் இன்னும் உண்டு என்பதால் இங்கே சொல்லுகிறோம்.

இனி, நாங்கள் சொல்ல வந்த முக்கியமான காரியத்துக்கு வருகிறோம்.

முதல் வாரத்தில் எங்களைப் பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஆப்பிள், ஹார்லிக்ஸ், பிஸ்கட் என்று கட்டிலின் அடியில் இடமில்லை. அந்த அன்பை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் வெள்ளணு குறைந்த பிள்ளைக்கு, நமக்கு வரும் சாதாரணச் சளியே ஆபத்து. வெட்டி வைத்த பழமும், கடையில் வாங்கிய பலகாரமும் ஆகாது. ஆகவே வார்டு வாசலில் நிறுத்தி, உள்ளே விடமாட்டார்கள். முந்நூறு மைல் பயணம் செய்து வந்தவர் முகம் வாடித் திரும்புவார். சொல்லவும் முடியாமல், மெல்லவும் முடியாமல் நாங்கள் நிற்போம்.

ஒரு மாதத்தில் மறுபடி எலும்பு மஜ்ஜையைச் சோதித்தபோது, நோயணு கண்ணுக்குத் தெரியவில்லை. எங்களுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஊருக்குச் செய்தி போனது. "குணமாகிவிட்டதாம், ஆண்டவருக்குத் தோத்திரம்" என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். மருத்துவர் எங்களை உட்கார வைத்து இப்படிச் சொன்னார்: "நோய் வந்தபோது உடம்பில் ஒரு லட்சம் கோடி நோயணுக்கள் இருந்திருக்கும். இப்போது நுண்ணோக்கியில் தெரியவில்லை. ஆனாலும் ஆயிரம் கோடி வரை உள்ளே ஒளிந்திருக்கலாம். வயலில் கோரையை அறுத்தால் மேலே சுத்தமாகத் தெரியும், கிழங்கு மண்ணுக்குள் இருக்கும் அல்லவா? அந்தக் கிழங்கை எடுக்கத்தான் மீதி இரண்டு ஆண்டு."

எங்கள் மகளுக்கு அடுத்த கட்டிலில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அதே நோய், அதே மருந்து, ஒரே வாரத்தில் வந்தவர்கள். எங்கள் மகளுக்குக் காகிதத்தில் படகு செய்யக் கற்றுக் கொடுத்தவன் அவன்தான். தகப்பனார் செங்கல் சூளையில் வேலை பார்ப்பவர். அவனுக்கும் ஒரு மாதத்தில் நோயணு மறைந்தது. ஊருக்குப் போய்வருகிறோம் என்று சொல்லிப் போனார்கள். அடுத்த தேதிக்கு வரவில்லை, அதற்கடுத்த தேதிக்கும் வரவில்லை. ஒன்பதாம் மாதம் திரும்பி வந்தபோது நோயும் திரும்பியிருந்தது. முன்பு கேட்ட மருந்தை இப்போது நோய் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை இப்போது இல்லை.

அந்தத் தகப்பனாரை யாரும் குறை சொல்ல வேண்டாம். மருந்துக்குக் காப்பீடு இருந்தது, பஸ்ஸுக்கும் இட்லிக்கும் காப்பீடு இல்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் இரண்டு பேருடைய கூலி போகும். வீட்டில் இன்னும் மூன்று பிள்ளைகள். பையன் ஓடியாடி விளையாடுகிறான், முடியும் முளைத்துவிட்டது. ஊரார், "நல்லாத்தானே இருக்கான், எதற்குச் சென்னைக்கு அலைகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். "ஒரே ஒரு ஆள் எங்களைப் பிடித்து வண்டியில் ஏற்றி விட்டிருந்தால் வந்திருப்போம்" என்று அந்தத் தாய் எங்களிடம் சொல்லி அழுதார்கள். அந்தச் சொல் இன்றைக்கும் எங்கள் காதில் கேட்கிறது.

அவர்களுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்? பாசத்தில் வித்தியாசம் இல்லை. விசுவாசத்திலும் இருந்திருக்காது. எங்களை வண்டியில் ஏற்றிவிட இந்தப் பங்கு இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பங்கு என்ன செய்தது என்று சொல்லுகிறோம், கேளுங்கள். இளைஞர் மன்றப் பிள்ளைகள் ஒரு பட்டியல் தயாரித்தார்கள். சென்னையில் வேலை பார்க்கும், படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் 14 பேருடைய பெயரும் இரத்த வகையும் தொலைபேசி எண்ணும் அதில் இருந்தன. தட்டணுக்களை எடுத்தால் ஐந்து நாள்தான் வைத்திருக்க முடியும். ஆகவே எல்லாரும் ஒரே நாளில் வந்து கொடுத்துப் பயனில்லை. முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். வின்சென்ட் தே பவுல் சபையார் மாதந்தோறும் எங்கள் பயணச் செலவில் ஒரு பங்கை ஏற்றார்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுக்கு வேண்டிய சான்றுகளைத் தாலுகா அலுவலகத்தில் நின்று வாங்கித் தந்தவர் ஓய்வு பெற்ற ஓர் எழுத்தர். புற்றுநோயாளி சிகிச்சைக்குப் போகும்போது இரயிலில் படுக்கை வகுப்புக் கட்டணம் முழுவதும் சலுகை என்பதும், உடன் செல்பவருக்கு முக்கால் பங்கு சலுகை என்பதும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. மருத்துவமனையின் சான்றிதழ் இருந்தால் போதும். ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர், இரண்டரை ஆண்டும் தம் தொலைபேசியை இரவில் அணைத்ததில்லை. இந்தப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்படி நான்கு இரவுகள் அவர் வண்டியில் போயிருக்கிறோம்.

இன்னொருவரைப் பெயர் சொல்லாமல் சொல்லுகிறோம். சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வாசலில் ஒரு பாட்டி எங்கள் கையில் ஐம்பது ரூபாயைத் திணிப்பார்கள். "எத்தனையாவது மாதம்?" என்று கேட்பார்கள். "பதினொன்று, பாட்டி" என்போம். "சரி, இன்னும் பத்தொன்பது இருக்கு. விட்டுடாதீங்க" என்பார்கள். ஊரே மறந்த கணக்கை அவர்கள் மறக்கவில்லை. பணத்தின் அளவல்ல காரியம். நாங்கள் வழியில் நின்றுவிடாதபடி ஒருவர் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பதே எங்களுக்குப் பெரிய பலமாக இருந்தது.

துன்பமான அனுபவங்களும் இல்லாமல் இல்லை. ஒரு வீட்டில் எங்கள் மகளுக்கு மட்டும் தனி டம்ளர் எடுத்து வைத்தார்கள். மருத்துவர் அனுமதித்துப் பள்ளிக்கு அனுப்பியபோது, பக்கத்தில் உட்காரக் கூடாது என்று சில பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மொட்டைத் தலையைப் பார்த்து, "வேளாங்கண்ணிக்குப் போனாயா?" என்று தோழிகள் கேட்க, அவளும் சில நாள் "ஆமாம்" என்றே சொல்லி வந்தாள். பின்பு வகுப்பு ஆசிரியை, இந்த நோய் யாருக்கும் ஒட்டாது என்பதை வகுப்பில் எல்லாருக்கும் விளக்கினார். "நமக்கு இருமல், அம்மை வந்தால்தான் அவளுக்கு ஆபத்து. ஆகவே நாம்தான் அவளைக் காப்பாற்ற வேண்டும்" என்றார். அன்று முதல், யாருக்காவது அம்மை போட்டிருந்தால் பிள்ளைகளே ஓடிவந்து எங்களிடம் சொன்னார்கள். பெரியவர்கள் ஒதுக்கி வைத்த பிள்ளையைச் சின்னப் பிள்ளைகள் காவல் காத்தார்கள்.

2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் கடைசி மாத்திரை. அந்த ஆண்டே, தன்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு வரிசையில் நின்று அவள் புதுநன்மை வாங்கினாள். அதன்பின் மாதம் ஒருமுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று சோதனைகள் குறைந்தன. இப்போது ஆண்டுக்கு ஒருமுறை போய்வருகிறோம். நலமாக இருக்கிறாள்.

ஆனால் எங்கள் மகள் பிழைத்தாள் என்பதைச் சாட்சியாகச் சொல்லி முடித்துவிட எங்களுக்கு மனம் வரவில்லை. அடுத்த கட்டில் பிள்ளையின் பெற்றோரும் எங்களைப் போலவே முழங்காலில் நின்றவர்கள். உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, புற்றுநோய் வரும் பிள்ளைகளில், வசதியுள்ள நாடுகளில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமடைகிறார்கள். வசதி குறைந்த பல நாடுகளில் நூற்றுக்கு 30 பேருக்கும் குறைவு. நோயைக் காலத்தில் கண்டுபிடிக்காததும், மருந்து கிடைக்காததும், தொடங்கிய சிகிச்சையைப் பாதியில் விடுவதும் அதற்குக் காரணங்கள். முதல் இரண்டும் மருத்துவரும் அரசும் பார்க்க வேண்டியவை. மூன்றாவதை நம்மைப் போன்றவர்கள் தடுக்கலாம்.

ஆகவே இந்தப் பொன்விழா ஆண்டில் உங்கள் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று: பிள்ளைக்கு நீடித்த காய்ச்சல், முகவெளுப்பு, எலும்பு வலி, காரணமில்லாத நீலத் தழும்பு, ஈறில் இரத்தக் கசிவு இவை கண்டால், ஒரு சாதாரண இரத்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலும் அது வேறு சிறு நோயாகவே இருக்கும். இருந்தாலும் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டு: ஒரு வீட்டில் பெரும் நோய் என்று கேள்விப்பட்டால், முதல் வாரத்தில் கூட்டமாகப் போகாதீர்கள். ஒருவரைப் பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒருவரே தொலைபேசியில் விசாரித்து மற்றவர்களுக்குச் சொல்லட்டும். ஐம்பது பேருக்கு ஐம்பது முறை அதே செய்தியைச் சொல்லும் களைப்பு அந்தத் தாய்க்கு வேண்டாம்.

மூன்று: "ஏதாவது வேண்டுமென்றால் கேளுங்கள்" என்று சொல்லாதீர்கள். யாரும் கேட்கமாட்டார்கள். "செவ்வாய்க்கிழமை நான் இரத்தம் கொடுக்கிறேன்", "உங்கள் மகனுக்கு இந்த வாரம் மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்", "மின் கட்டணத்தை நான் கட்டிவிடுகிறேன்" என்று ஒரு வேலையைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு: நமது பங்கில் இரத்தம் கொடுப்போர் பட்டியலை ஆண்டுதோறும் புதுப்பித்துப் பங்கு அலுவலகத்தில் வைக்க வேண்டும். எங்களுக்காகத் தொடங்கியது எங்களோடு முடிந்துவிடக் கூடாது.

ஐந்து: இதுவே எல்லாவற்றிலும் பெரியது. பிள்ளை வீடு திரும்பியதும் நம் கடமை முடிந்தது என்று எண்ணாதீர்கள். அப்போதுதான் தொடங்குகிறது. முடி முளைத்து, முகம் தெளிந்து, பிள்ளை தெருவில் ஓடும்போது, "எத்தனையாவது மாதம்? அடுத்த தேதி எப்போது? வண்டிக்குச் சீட்டு எடுத்தாயிற்றா?" என்று கேட்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் இந்தப் பங்கின் ஒவ்வொரு தெருவிலும் இருக்க வேண்டும்.

இரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், சோறிட்ட கைகளுக்கும், இரவில் வண்டி எடுத்தவருக்கும், மாதம் எண்ணிய பாட்டிக்கும், செபமாலையில் எங்கள் மகளை நினைத்த ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இப்போது நம் பங்கிலேயே சிறுநீரக நோயோடு ஒரு பிள்ளை மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருப்பதை நீங்கள் அறிவீர்கள். இது ஏழாவது மாதம். நாளைக் காலைப் பூசைக்குப் பின் அவர்கள் வீட்டுக்கு யார் எந்த வேலையை எடுத்துக்கொள்வது என்று எழுத, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கோவில் வாசலில் நாங்கள் நிற்போம். வந்து பெயர் கொடுங்கள்.